இரண்டாம் உலகப் போர் எங்கே திரும்பியது?

பள்ளித் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வரும்: இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனை எது? ஸ்டாலின்கிராட் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். விடையில் தப்பில்லை. ஆனால் அதற்கு அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஸ்டாலின்கிராட் சண்டை 1943 பிப்ரவரி 2-ல் முடிந்தது. பெர்லின் சரணடைந்தது 1945 மே 2-ல். நடுவில் இரண்டேகால் ஆண்டு. போர் திரும்பிவிட்ட பிறகு அது ஏன் இத்தனை காலம் இழுத்தது? திரும்பியது என்றால் எதுதான் திரும்பியது?

ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வியாபாரம் படுத்துவிட்டது என்பதற்காகக் கடை மூழ்கிவிடாது. கையிலிருந்த முதல் கரைந்து, அடுத்த கொள்முதலுக்குப் பணமில்லை என்ற நிலை வரும் நாளில்தான் மூழ்கத் தொடங்குகிறது. ஷட்டரை இறக்குவது அதற்குப் பல மாதங்கள் கழித்து நடக்கலாம். போரிலும் அப்படித்தான். எத்தனை பேர் செத்தார்கள், யார் கொடி நாட்டினார்கள் என்பதை வைத்துத் திருப்புமுனையைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு கேள்விகள் போதும். ஒன்று, அடுத்த சண்டை எங்கே, எப்போது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இரண்டு, இழந்ததை யாரால், எவ்வளவு சீக்கிரம் ஈடுகட்ட முடிகிறது? இந்த இரண்டின் விடையும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் இடமே திருப்புமுனை.

இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால், பெயர் பெற்ற சில சண்டைகள் பித்தளையாகிவிடும். பெயரே கேள்விப்படாத சில, பொன்னாகிவிடும்.

ரயில் தண்டவாளத்தில் தொடங்கிய தோல்வி

1941 ஜூன் 22-ல் ஜெர்மனி 30 லட்சத்துக்கும் அதிகமான வீரர்களுடன் சோவியத் யூனியனுக்குள் நுழைந்தது. சில வாரங்களில் ரஷ்யா நொறுங்கிவிடும் என்பது கணக்கு. டாங்கிகள் பாய்ந்து செல்லும் பழைய செய்திப் படங்களைப் பார்த்தால் அது முழுக்க இயந்திரப் படை என்று தோன்றும். உண்மையில் அந்தப் படையோடு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் போயின. முன்னால் டாங்கிகள், பின்னால் நடந்துவரும் காலாட்படை, அதற்கும் பின்னால் குதிரை வண்டியில் சோறும் குண்டும்.

இந்தத் தூரத்துக்குச் சரக்கைக் கொண்டுபோக ரயில்தான் வழி. அங்கேதான் சிக்கல். ஜெர்மனியின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், ரஷ்யாவுடையது 1,524. மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாக மாறும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நம் ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பெயர்த்து உள்ளே தள்ளி ஆணி அடிப்பது எளிய பாதி. மீதிப் பாதியை யாரும் யோசிக்கவில்லை. ரஷ்ய எஞ்சின்கள் பெரியவை, அதிகத் தண்ணீர் கொள்பவை; அதனால் அங்கே தண்ணீர் பிடிக்கும் நிலையங்கள் தொலைவு தொலைவாக இருந்தன. ஜெர்மன் எஞ்சின்களால் அடுத்த நிலையம்வரை தாக்குப்பிடிக்க முடியவில்லை. குளிர்காலம் வந்ததும் எஞ்சினுக்கு வெளியே ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. வருகிற ஒன்றிரண்டு ரயில்களில் குண்டுகளை ஏற்றுவதா, கம்பளிச் சட்டைகளை ஏற்றுவதா என்று கேள்வி வந்தபோது குண்டுகளே ஏறின. மாஸ்கோ வாசலில் ஜெர்மன் வீரர்கள் கோடை உடையில் விறைத்ததற்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்கு. "ரஷ்யக் குளிர் ஜெர்மனியைத் தோற்கடித்தது" என்பது பாதி உண்மை. குளிர் ரஷ்யர்களுக்கும் அதே அளவுதான் அடித்தது.

1941 டிசம்பர் 5-ல் சோவியத் படை மாஸ்கோவில் எதிர்த்தாக்குதலைத் தொடங்கியது. டிசம்பர் 7-ல் ஜப்பான், ஹவாயிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. டிசம்பர் 11-ல் ஹிட்லர் தானாகவே அமெரிக்கா மீது போர் அறிவித்தார். ஜப்பானுடன் செய்திருந்த உடன்படிக்கை அவரை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரே வாரம். நமது இரண்டாவது கேள்விக்கான விடை அந்த ஒரு வாரத்தில் அச்சு நாடுகளுக்கு (ஜெர்மனி, ஜப்பான், இத்தாலி) எதிராக எழுதப்பட்டுவிட்டது. 1944-ல் அமெரிக்கா கட்டிய விமானங்கள் சுமார் 96,000. ஜெர்மனி சுமார் 40,000, ஜப்பான் சுமார் 28,000. இரண்டையும் கூட்டினாலும் அமெரிக்காவை எட்டவில்லை. ஒரே ஒரு திருப்புமுனையைத்தான் சொல்ல வேண்டும் என்றால் ஸ்டாலின்கிராட்டைவிட அந்த வாரத்தைச் சொல்வதே பொருத்தம். தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் வருமா என்பது வேறு விஷயம்.

பேர்ல் ஹார்பரை ஜப்பானின் பெரிய வெற்றியாகப் பார்ப்பவர்கள் அங்கே தாக்கப்படாமல் விடப்பட்டவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். போர்க்கப்பல்கள் மூழ்கின. ஆனால் எண்ணெய்த் தொட்டிகள் அப்படியே நின்றன. கப்பல் பழுதுபார்க்கும் துறை தப்பியது. நீர்மூழ்கித் தளம் தப்பியது. விமானந்தாங்கிக் கப்பல்கள் அன்று துறைமுகத்திலேயே இல்லை. ஆறு மாதம் கழித்து இவை ஒவ்வொன்றும் திரும்பி வந்து கடித்தன.

திருகோணமலையில் அடித்த எச்சரிக்கை மணி

மிட்வே சண்டையைப் புரிந்துகொள்ள முதலில் இலங்கைக்கு வர வேண்டும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, 9-ஆம் தேதி, திருகோணமலையைத் தாக்கின. மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அந்த மாதம் சென்னையிலும் பீதி. அடுத்தது நாம்தான் என்று நகரத்தின் பெரும்பகுதி காலியானது.

ஜப்பானுக்கு அது எளிதான வெற்றி. ஆனால் அதற்குள் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. கொழும்பைத் தாக்கிய அன்று, இரண்டாவது அலைக்காகத் தயாராக நின்ற விமானங்களில் தரைத் தாக்குதலுக்கான குண்டுகளை மாட்டச் சொல்லியிருந்தார்கள். நடுவில் பிரிட்டிஷ் கப்பல்கள் தென்பட்டதாகத் தகவல் வர, அவற்றைக் கழற்றிவிட்டு மறுபடி டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு) மாட்டச் சொன்னார்கள். ஒரு டார்பிடோ சுமார் 800 கிலோ. தள்ளுவண்டியில் கொண்டுவந்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, கொக்கியில் பொருத்த வேண்டும். ஒரு அணி முழுவதற்கும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டாவது ஓட்டை ரேடார் இல்லாதது. 9-ஆம் தேதி பிரிட்டனின் ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் நகுமோவின் தலைமைக் கப்பலான அகாகியின் தலைக்கு மேல் வந்து சேர்ந்தன. கடலில் குண்டுகள் விழுந்து தண்ணீர் எழும்பிய பிறகுதான் ஜப்பானியர்களுக்கே தெரிந்தது. ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. படாததால், பாடமும் படிக்கப்படவில்லை.

இரண்டே மாதத்தில் இரண்டு ஓட்டைகளும் சேர்ந்து திறந்தன. ஹவாய்க்கு வடமேற்கே உள்ள மிட்வே என்ற சின்னத் தீவைப் பிடிப்பது, அதைக் காக்க வரும் அமெரிக்கக் கப்பற்படையை அங்கேயே ஒழிப்பது என்பது ஜப்பானியக் கப்பற்படைத் தளபதி யமமோட்டோவின் திட்டம். அமெரிக்கச் சங்கேத உடைப்பாளர்களுக்கு ஜப்பானியச் செய்திகளில் "ஏஎஃப்" என்ற இடப்பெயர் அடிக்கடி கிடைத்தது. அது மிட்வேதானா என்று உறுதி செய்ய ஒரு தந்திரம் செய்தார்கள். மிட்வேயில் குடிநீர் வடிக்கும் இயந்திரம் பழுது என்று சங்கேதம் இல்லாத சாதாரண மொழியில் வானொலியில் சொல்லச் செய்தார்கள். "ஏஎஃப்-இல் குடிநீர்த் தட்டுப்பாடு" என்று ஜப்பானியச் செய்தி பறந்தது. சந்தேகம் தீர்ந்தது.

அதற்கு முன் மே மாதம் பவளக் கடல் சண்டையில் அமெரிக்காவின் யார்க்டவுன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் பலத்த சேதமடைந்திருந்தது. பேர்ல் ஹார்பரின் பழுதுபார்க்கும் துறை, தாக்கப்படாமல் தப்பிய அதே துறை, அதை மூன்றே நாளில் மறுபடி கடலுக்கு அனுப்பியது. அதே சண்டையில் அடிபட்ட ஜப்பானின் ஷோகாகுவும், விமானங்களைப் பெருமளவு இழந்த ஜூய்காகுவும் மிட்வேக்கு வரவில்லை. ஜூய்காகு கப்பலுக்குச் சேதமே இல்லை, விமானிகள்தான் குறைவு. வேறு கப்பலின் விமானிகளை அதில் ஏற்றி அனுப்பும் வழக்கம் ஜப்பானியக் கடற்படையில் இல்லை. ஆறுக்கு மூன்று என்று நடந்திருக்க வேண்டிய சண்டை நான்குக்கு மூன்று என்று ஆனது.

1942 ஜூன் 4 காலை. தீவைத் தாக்கிய முதல் அணி, "இன்னொரு தாக்குதல் தேவை" என்று செய்தி அனுப்பியது. டார்பிடோவைக் கழற்றித் தரைக்குண்டு மாட்டச் சொன்னார் நகுமோ. அரை மணி நேரத்துக்குள் எதிரிக் கப்பல்கள் இருப்பதாக வேவு விமானம் சொன்னது. மறுபடி மாற்று. அதற்குள் தீவைத் தாக்கிவிட்டு எரிபொருள் தீர்ந்து திரும்பும் விமானங்களை இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்கும்போது எதையும் ஏற்ற முடியாது. இந்த நேரத்தில் அமெரிக்க டார்பிடோ விமானங்கள் கூட்டம் கூட்டமாக வந்து சுட்டு வீழ்த்தப்பட்டன. ஓர் அணியில் 15 விமானங்களும் போயின. அவை ஒரு டார்பிடோகூடப் படவைக்கவில்லை. ஆனால் ஜப்பானியக் காவல் விமானங்கள் அவற்றைத் துரத்திக் கடல்மட்டத்துக்கு இறங்கியிருந்தன. காலை 10.20-க்கும் 10.30-க்கும் இடையில் மேலேயிருந்து குத்துக் குண்டுவீச்சு விமானங்கள் பாய்ந்தன. ரேடார் இல்லை, பார்த்தபோது நேரமில்லை.

அகாகியை முடித்தது நேரடியாக விழுந்த ஒரே ஒரு குண்டு. ஒரு குண்டுக்கு இவ்வளவு பெரிய கப்பல் சாகுமா? வெறும் கப்பல் என்றால் சாகாது. மூடிய கீழ்த்தளத்தில் எரிபொருள் நிரப்பிய விமானங்கள், மாட்டிய டார்பிடோக்கள், கழற்றிக் கீழே அனுப்ப நேரமில்லாமல் ஓரமாக அடுக்கிய குண்டுகள். அந்தக் குண்டு தீக்குச்சிதான். அகாகி, காகா, சோர்யு மூன்றும் அந்தச் சில நிமிடங்களில் எரிந்தன, மாலைக்குள் ஹிர்யுவும். அமெரிக்கா யார்க்டவுனை இழந்தது.

இங்கே ஒரு பிழை திருத்தம். மிட்வேயில் ஜப்பானின் தேர்ந்த விமானிகள் எல்லாம் அழிந்துவிட்டார்கள் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. அங்கே இறந்த ஜப்பானிய விமானிகளும் உடன் பறந்தவர்களும் நூற்றுச் சொச்சம் பேர்தான். பெரிய அரைப்பு அதற்குப் பிறகு, 1942 ஆகஸ்டில் தொடங்கிய குவாடல்கனாலிலும் சாலமன் தீவுகளிலும் நடந்தது. அமெரிக்கா அனுபவசாலி விமானிகளைத் திருப்பி அழைத்து, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தது. ஜப்பான் அவர்களைச் சாகும்வரை முன்னணியிலேயே வைத்திருந்தது. விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிட்ட கதை.

ஸ்டாலின்கிராட்: இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம்

1942 கோடையில் ஹிட்லருக்குத் தேவைப்பட்டது எண்ணெய். மைகோப், குரோஸ்னி, பாகு ஆகிய காகசஸ் எண்ணெய் வயல்களை நோக்கி ஜூன் 28-ல் படை கிளம்பியது. ஜூலை இறுதியில் அவர் படையை இரண்டாகப் பிரித்தார்: ஒரு பாதி எண்ணெய்க்கு, மறுபாதி வோல்கா கரையிலுள்ள ஸ்டாலின்கிராட்டுக்கு. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியதை ஒரே சமயத்தில் செய்யப் போனதால், இருந்த எரிபொருளும் லாரியும் இரண்டு பக்கமும் பற்றவில்லை.

நகரத்துக்குள் நடந்த வீடு வீடான சண்டை எல்லாருக்கும் தெரியும். இடிந்த கட்டடங்களில் டாங்கிக்கு வேலையில்லை. சோவியத் 62-ஆம் படையின் தளபதி சுய்கோவ், எதிரியை ஒட்டிக்கொண்டே நில்லுங்கள் என்றார். இரண்டு தரப்பும் ஒரு தெரு இடைவெளியில் இருந்தால் ஜெர்மன் விமானங்களால் தம் ஆட்களையும் சேர்த்துக் கொல்லாமல் குண்டு போட முடியாது. ஆனால் தீர்ப்பு நகரத்துக்குள் எழுதப்படவில்லை. அதற்கு வெளியே, யாரும் பார்க்காத பக்கவாட்டில் எழுதப்பட்டது.

ஜெர்மன் தளபதி பௌலஸின் ஆறாம் படை நகரத்துக்குள் இழுக்கப்பட இழுக்கப்பட, தோன் ஆற்றங்கரையின் நூற்றுக்கணக்கான கிலோமீட்டரைக் காக்கும் வேலை ருமேனிய, இத்தாலிய, ஹங்கேரியப் படைகளுக்குப் போனது. ருமேனியர்களிடம் இருந்த டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் பெரும்பாலும் 37 மில்லிமீட்டர். சோவியத்தின் டி-34 டாங்கியின் முன்பக்கத்தில் அது பட்டால் தட்டிக் கூப்பிட்டதுபோல் இருக்கும், அவ்வளவுதான். அவர்களுக்குத் துணையாகப் பின்னால் நிறுத்தப்பட்ட ஜெர்மன் டாங்கிப் படை ஒன்று, எரிபொருள் இல்லாமல் டாங்கிகளை வைக்கோலால் மூடி வைத்திருந்தது. எலிகள் புகுந்து மின்கம்பிகளைக் கடித்துவிட்டன. கிளப்ப வேண்டிய நாளில் பாதிக்கும் மேற்பட்டவை ஓடவில்லை.

நவம்பர் 19-ல் வடக்கிலிருந்தும் 20-ல் தெற்கிலிருந்தும் சோவியத் படைகள் இந்த இரு பக்கங்களை உடைத்துக்கொண்டு வந்தன. 23-ல் கலாச் அருகே இரண்டும் கைகோத்தன. உள்ளே இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் மாட்டிக்கொண்டார்கள்.

உடைத்துக்கொண்டு வெளியே வா என்று ஹிட்லர் சொல்லவில்லை. விமானத்தில் உணவும் குண்டும் அனுப்புகிறேன் என்று விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்திருந்தார். முன்னுதாரணமும் இருந்தது: அதே ஆண்டின் தொடக்கத்தில் டெமியான்ஸ்கில் சுற்றி வளைக்கப்பட்ட சுமார் ஒரு லட்சம் பேரை விமானம் மூலமே காப்பாற்றியிருந்தார்கள். அப்போது அந்தப் பகுதியில் சோவியத் போர் விமானங்கள் குறைவு, ஆட்களும் பாதிக்கும் குறைவு என்பதை மறந்தார்கள்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். தேவை நாளுக்கு 500 டன். உயிர் பிழைக்க மட்டும் 300. யுங்கர்ஸ்-52 என்ற சரக்கு விமானம் ஏற்றுவது சுமார் 2 டன். அப்படியானால் நாளுக்கு 250 முறை இறங்க வேண்டும். டிசம்பரில் அங்கே பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்கி, சரக்கை இறக்கி, காயம்பட்டவர்களை ஏற்றி, கிளம்ப வேண்டும். பனிமூட்டம் இல்லாமல், சுடப்படாமல், எஞ்சின் உறையாமல், தினமும். கடும் குளிரில் மூன்றில் ஒரு பங்கு விமானம் ஓடும் நிலையில் இருந்தாலே பெரிது என்பதால் கையில் 700, 800 விமானம் வேண்டும். அத்தனையும் அங்கே திரட்ட முடியாது. அதே வாரங்களில் துனிசியாவுக்கும் படையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது, ஏனென்றால் நவம்பர் 8-ல் அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் வட ஆப்பிரிக்காவில் இறங்கிவிட்டார்கள்.

உண்மையில் போய்ச் சேர்ந்தது சராசரியாக நாளுக்கு 100 டன்னைச் சற்றே தாண்டியது. டிசம்பர் 24-ல் சோவியத் டாங்கிகள் ஜெர்மன் சரக்கு விமானங்கள் கிளம்பிய தட்சின்ஸ்கயா தளத்துக்குள்ளேயே புகுந்தன. தளம் பின்னுக்குப் போகப் போகத் தூரம் கூடியது. தூரம் கூடினால் அதே விமானம் நாளில் இரண்டு முறை போவதற்குப் பதில் ஒரு முறைதான் போகும். வெளியிலிருந்து மீட்க வந்த மான்ஸ்டைனின் படை சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் நின்றுபோனது. வளையத்துக்குள் இருந்த பிதோம்னிக் ஓடுதளம் ஜனவரி நடுவில் விழுந்தது. ஜனவரி 30-ல் பௌலஸுக்கு ஃபீல்டு மார்ஷல் பதவி வந்தது. எந்த ஜெர்மன் ஃபீல்டு மார்ஷலும் உயிரோடு பிடிபட்டதில்லை என்பதால் அது தற்கொலைக்கான மறைமுகக் கட்டளை. மறுநாள் அவர் சரணடைந்தார். சிறைபிடிக்கப்பட்டவர்கள் சுமார் 91,000. வீடு திரும்பியவர்கள் 6,000 பேர் அளவில்தான்.

ஜெர்மனி அதற்குப் பிறகும் பெரிய தாக்குதல் நடத்தியது. கிழக்கில் 1943 ஜூலை 5-ல் குர்ஸ்கில் தொடங்கியதுதான் அத்தகைய கடைசிப் பெரிய தாக்குதல். புதிய டாங்கிகள் வரட்டும் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டார்கள். எங்கே வரப்போகிறார்கள் என்று அறிந்த சோவியத் தரப்பு அந்த இரண்டு மாதத்தில் வரிசை வரிசையாக அகழி வெட்டி, லட்சக்கணக்கில் கண்ணிவெடி புதைத்துவிட்டது. ஜூலை 10-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் நேசப் படைகள் இத்தாலியின் சிசிலித் தீவில் இறங்கியதும் ஹிட்லர் தாக்குதலை நிறுத்தினார். அதன்பின் கிழக்கில் அடுத்த சண்டை எங்கே என்பதைச் சோவியத் தரப்பே முடிவு செய்தது.

அதே கணக்கு, வேறு விடை: இம்பால்

விமானம் மூலம் ஒரு படைக்குச் சோறு போடுவது நடக்காத காரியமா? ஒன்றேகால் ஆண்டு கழித்து நம் நாட்டின் கிழக்கு எல்லையிலேயே அது நடந்தது. 1944 மார்ச்சில் முத்தாகுச்சியின் ஜப்பானியப் பதினைந்தாம் படை, இந்திய தேசிய ராணுவத்தின் பிரிவுகளுடன், பர்மாவிலிருந்து மணிப்பூருக்குள் நுழைந்தது. இம்பாலை மற்ற உலகத்தோடு இணைத்த கொஹிமா சாலை வெட்டப்பட்டது. சமவெளிக்குள் ஒன்றரை லட்சம் பேர்.

ஸ்டாலின்கிராட்டில் இல்லாத எல்லாமே இங்கே இருந்தன. சமவெளியில் பல ஓடுதளங்கள் கைவசம் இருந்தன. வானம் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்களின் கையில். விமானம் பற்றாதபோது, இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த அமெரிக்க விமானங்களிலிருந்து சிலவற்றை மவுண்ட்பேட்டன் கடன் வாங்கினார் (அந்த ஏப்ரலில்தான் அவருடைய தலைமையகம் கண்டிக்கு மாறியது). ஏறத்தாழ 19,000 டன் சரக்கும் 12,000 வீரர்களும் உள்ளே பறந்தார்கள். இன்னொரு காரியமும் செய்தார்கள், இதுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது: காலியாகத் திரும்பும் விமானங்களில் சண்டையில் பங்கில்லாத 43,000 பேரையும் காயம்பட்ட 13,000 பேரையும் வெளியே அனுப்பினார்கள். வாய் குறைந்தால் தேவைப்படும் டன்னும் குறையும்.

எதிர்ப்பக்கம் முத்தாகுச்சி மூன்று வார உணவோடு படையை அனுப்பியிருந்தார். இம்பாலின் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிடலாம் என்பது திட்டம். பொதி சுமக்கவும் பிறகு அறுத்துத் தின்னவும் மாடுகளை ஓட்டிவந்தார்கள். பல, பர்மாவின் சிந்த்வின் ஆற்றிலேயே மூழ்கின. கொஹிமாவைத் தாக்கிய 31-ஆம் டிவிஷன் தளபதி சாதோ, சோறு வராததால், மேலிட உத்தரவை மீறி ஜூன் தொடக்கத்தில் படையைத் திருப்பினார். ஜூன் 22-ல் சாலை திறந்தது. 85,000 ஜப்பானியரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இழப்புக் கணக்கில் சேர்ந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை பசியும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும்.

கொடி நாட்ட இடமில்லாத சண்டை

அட்லாண்டிக் கடலில் பிடிக்க நகரம் கிடையாது. அதனாலேயே பாடப் புத்தகத்தில் அதற்கு இரண்டு வரிதான். ஆனால் பிரிட்டன் சாப்பிட்டதும், பின்னால் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய படையும் அந்தக் கடலைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. 1942-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களை மூழ்கடித்தன. 1943 மே மாதத்தில் 40-க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகள் அழிந்தன. மே 24-ல் தளபதி டோனிட்ஸ் மிச்சமிருந்தவற்றை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கினார்.

அந்தக் கால நீர்மூழ்கி உண்மையில் தேவைப்பட்டால் முங்கக்கூடிய படகு. நீர்மேல் டீசலில் 17 நாட் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). நீருக்குள் பேட்டரியில் அதிகபட்சம் ஏழெட்டு நாட். அதுவும் சிறிது நேரம்தான். சரக்குக் கப்பல் கூட்டம் போவதே ஏழு முதல் பத்து நாட். ஆக, நீர்மூழ்கியை மூழ்கடிக்கக்கூட வேண்டாம். முங்க வைத்தாலே போதும், கப்பல் கூட்டம் தப்பிவிடும். நடுக்கடலில் விமானம் எட்டாத ஓர் இடைவெளி இருந்ததால்தான் அவை அங்கே நீர்மேல் சுதந்திரமாகத் திரிந்தன. எரிபொருள் தொட்டி பெரிதாக்கப்பட்ட லிபரேட்டர் விமானங்களும், கப்பல் கூட்டத்தோடு போகும் சிறிய விமானந்தாங்கிகளும் அந்த இடைவெளியை அடைத்தன. இரவில் தப்பலாமென்றால் 10 சென்டிமீட்டர் அலைநீள ரேடார் வந்துவிட்டது. நீர்மூழ்கியில் இருந்த ஜெர்மன் எச்சரிக்கைக் கருவி ஒரு மீட்டரைத் தாண்டிய பழைய அலைகளை மட்டுமே கேட்கும். புதியதற்கு அது செவிடு.

ஆயுதமும் மாறியது. பழைய முறையில் கப்பல் நீர்மூழ்கிக்கு மேலே போய்ப் பின்பக்கத்திலிருந்து ஆழவெடிகளை உருட்டிவிடும். ஒலியால் நீர்மூழ்கியைத் தேடும் சோனார் கருவி முன்பக்கம் மட்டுமே பார்ப்பதால் கடைசி நொடிகளில் குறி மறையும். அந்த இடைவெளியில் நீர்மூழ்கி திரும்பிவிடும். வெடித்த கலக்கத்தில் சோனாருக்குச் சிறிது நேரம் ஒன்றும் கேட்காது. ஹெட்ஜ்ஹாக் என்ற புதிய கருவி 24 சிறு குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் வீசியது. நீர்மூழ்கியில் பட்டால்தான் வெடிக்கும். வெடிக்கவில்லையென்றால் படவில்லை, கடல் அமைதி, சோனார் குறியும் அப்படியே, மறுபடி வீசலாம்.

இதோடு கப்பல் கட்டும் வேகமும் சேர்ந்தது. அமெரிக்கா 2,700-க்கும் மேற்பட்ட லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல்களைப் பற்றவைப்பு முறையில் கட்டித் தள்ளியது. சராசரியாக ஒன்றுக்கு ஆறு வாரம். போர் முடிவதற்குள் நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 ஜெர்மானியரில் 30,000 பேர் திரும்பவில்லை.

எல் அலமைன், நார்மண்டி

1942 அக்டோபர் 23-ல் எகிப்தில் தொடங்கிய எல் அலமைன் சண்டை பிரிட்டனுக்குப் பெரிய மன ஆறுதல். நான்காம் இந்திய டிவிஷனும் அங்கே போரிட்டது. ஜெர்மன் தளபதி ரோம்மலின் தோல்விக்குப் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியின் திறமையைப் போலவே தூரமும் காரணம். லிபியாவின் டிரிபோலி துறைமுகத்திலிருந்து போர்முனை 2,000 கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோல் கொண்டுபோகும் லாரியே அந்தப் பெட்ரோலில் கணிசமான பங்கைக் குடித்துவிடும். பக்கத்துத் துறைமுகத்துக்கு வந்த எண்ணெய்க் கப்பல்களைப் பிரிட்டிஷ் விமானங்கள் மூழ்கடித்தன.

1944 ஜூன் 6-ல் சுமார் 1,56,000 பேர் நார்மண்டியில் இறங்கினார்கள். துணிவைப் பற்றிப் படம் எடுத்தாகிவிட்டது. துறைமுகத்தைப் பற்றிக் கொஞ்சம். துறைமுகத்தை நேருக்கு நேர் தாக்கிப் பிடிக்க முடியாது என்று 1942 ஆகஸ்டில் தியெப்பில் ரத்தம் சிந்திக் கற்றார்கள். ஆகவே துறைமுகத்தையே கான்கிரீட் பெட்டிகளாகச் செய்து கடலில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஜூன் 19-ல் அடித்த புயலில் அமெரிக்கப் பகுதியிலிருந்தது நொறுங்கிவிட்டது. அதன்பின் கரையில் நேராகக் கப்பலை ஏற்றிச் சரக்கு இறக்கியே சமாளித்தார்கள். அதே மாதம் 22-ல் கிழக்கில் சோவியத் படை தொடங்கிய பக்ராத்தியோன் தாக்குதல் ஜெர்மனியின் மத்திய ராணுவக் குழுவையே துடைத்துவிட்டது. இழப்பின் அளவில் நார்மண்டியைவிடப் பெரியது; தமிழில் அதைப் பற்றி எழுதுவோர் அரிது. சோவியத் படை அவ்வளவு வேகமாக ஓடியதற்குப் பின்னால் அமெரிக்கா அனுப்பிய லட்சக்கணக்கான லாரிகள் இருந்தன.

பசிபிக்கில் என்ன ஆனது? 1944 ஜூனில் பிலிப்பைன் கடலில் ஜப்பான் ஒன்பது விமானந்தாங்கிகளைத் திரட்டியது. எண்ணிக்கையில் பேர்ல் ஹார்பரைவிட அதிகம். ஆனால் ஓட்டியவர்கள் சில மாதப் பயிற்சி பெற்ற இளைஞர்கள். எரிபொருள் பஞ்சத்தில் பறந்து பழகவும் வழியில்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் விழுந்தார்கள். ஷோகாகு நீர்மூழ்கியின் டார்பிடோவுக்கு இரையானது. பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஆறில் மிஞ்சியது ஜூய்காகு மட்டும். திருகோணமலை வானத்தை இருளாக்கிய ஐந்தில் ஒன்று அது. 1944 அக்டோபரில் லெய்ட்டே வளைகுடாவை நோக்கி ஜப்பானின் பீரங்கிக் கப்பல்கள் போனபோது, ஜூய்காகுவையும் இன்னும் மூன்று விமானந்தாங்கிகளையும் வடக்கே தனியாக அனுப்பினார்கள். நான்கிலும் சேர்த்து நூற்றுச் சொச்சம் விமானங்கள்தான். அமெரிக்கக் கப்பற்படை அவற்றைக் கண்டு துரத்தி வர வேண்டும் என்பதுதான் அவற்றுக்குக் கொடுத்த வேலை: தூண்டில் புழு. அக்டோபர் 25-ல் நான்கும் மூழ்கின.